பூதவாதிக்கு இருக்கை இல்லாத சபை

பௌத்தத்தைப் பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகளில் அண்மைக்காலமாக ஒரு வாக்கியம் தவறாமல் இடம்பெற்றுவிடுகிறது. புத்தர் 2500 ஆண்டுகளுக்கு முன் சொன்னதை இன்றைய மூளை அறிவியல் நிரூபித்துவிட்டது என்பதே அந்த வாக்கியம். நாளிதழ்களின் ஆன்மிக இணைப்புகளில் மட்டும் வந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. இலக்கியச் சிற்றிதழ்களிலும், நாகார்ஜுனரை வாசித்ததாகச் சொல்லிக்கொள்பவர்களின் கட்டுரைகளிலும் அது வருவதால்தான் இதை எழுத நேர்கிறது. பெரும்பாலும் உடன் ஒரு படமும் இருக்கும். செந்நிற ஆடை போர்த்திய திபெத்திய மரபுத் துறவி ஒருவர், தலை முழுக்க மின்முனைகள் பொருத்தப்பட்டுப் புன்னகையுடன் அமர்ந்திருப்பார். அந்தப் புன்னகையை வைத்தே வாதத்தை முடித்துவிடுகிறார்கள்.

எதை நிரூபித்தது என்று கேட்டுப் பாருங்கள். அனாத்மக் கொள்கையையா? சார்பில் தோற்றத்தையா? வேட்கை அறுந்தால் பிறவி அறும் என்பதையா? இவற்றில் எதையும் எந்த ஆய்வுக்கூடமும் சோதிக்கவில்லை. சோதிப்பதாகச் சொல்லவும் இல்லை. தியானம் செய்பவரின் மூளையில் சில அலைகள் மிகுகின்றன, கவனம் சற்று நிலைக்கிறது, பதற்றம் ஓரளவு குறைகிறது என்பவையே அளக்கப்பட்டவை. ஓர் ஓதுவார் தேவாரம் பாடும்போது அவருடைய இதயத் துடிப்பு சீராகிறது என்று யாராவது அளந்து காட்டினால், பதி, பசு, பாசம் என்ற முப்பொருள் உண்மை நிரூபணமாகிவிட்டது என்று எந்தச் சைவ அறிஞராவது எழுதுவாரா? மெய்கண்டாரின் மரபில் வந்தவர்கள் வெட்கப்படுவார்கள். பௌத்தத்தின் விஷயத்தில் மட்டும் நமக்கு அந்த வெட்கம் இல்லை. காரணம் எளிது. சைவத்துக்கு இங்கே கேள்வி கேட்க ஆள் இருக்கிறது, பௌத்தத்துக்கு இல்லை.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பௌத்தத்துக்கும் மன அறிவியலுக்கும் இடையே நடப்பதாகச் சொல்லப்படும் உரையாடலில், இருவரும் உண்மையில் முரண்படும் ஒரே கேள்வி மரியாதையாக ஒதுக்கிவைக்கப்பட்டிருக்கிறது. உணர்வு என்பது பருப்பொருளிலிருந்து பிறப்பதா, இல்லையா என்பதே அந்தக் கேள்வி. அதை ஒதுக்கிவைத்த பிறகு மிஞ்சுவது உரையாடல் அல்ல, உபசாரம்.

இது தொடக்கத்தில் இப்படி இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1987இல் தரம்சாலாவில் தலாய் லாமாவின் இல்லத்தில் சில அறிவியலாளர்கள் கூடினார்கள். அதை முன்னெடுத்தவர்களில் முதன்மையானவர் சிலி நாட்டு உயிரியலாளர் பிரான்சிஸ்கோ வரேலா. 'மைண்ட் அண்ட் லைஃப்' என்று பின்னாளில் நிறுவனமாக வளர்ந்தது அந்தச் சந்திப்புதான். வரேலா சாதாரண ஆள் இல்லை. உயிர் என்பது தன்னைத் தானே ஆக்கிக்கொள்ளும் அமைப்பு என்ற கருத்தாக்கத்தை ஹம்பர்ட்டோ மதுரானாவுடன் சேர்ந்து உருவாக்கியவர். 1991இல் எவான் தாம்சன், எலினார் ரோஷ் ஆகியோருடன் அவர் எழுதிய நூலில், உலகை உள்ளுக்குள் படம்பிடித்துக் காட்டும் கருவியாக மனத்தைக் கருதும் அன்றைய அறிதல் அறிவியலின் அடித்தளத்தையே நாகார்ஜுனரின் மத்தியமக நோக்கைக் கொண்டு கேள்விக்குள்ளாக்கினார். அங்கே பௌத்தம் சான்றிதழுக்காகக் கைகட்டி நிற்கவில்லை. எதிராளியின் முற்கோள்களைத் தாக்கியது.

1989இல் கலிபோர்னியாவில் நடந்த இரண்டாவது சந்திப்பு இன்னும் கூர்மையானது. மனம் என்று நாம் சொல்வது மூளையின் இயக்கமன்றி வேறில்லை என்று ஒளிவுமறைவின்றி வாதிடும் தத்துவவாதி பாட்ரிசியா சர்ச்லேண்ட் அங்கே தலாய் லாமாவின் எதிரே அமர்ந்திருந்தார். நரம்பியலாளர் அந்தோனியோ டமாசியோ இருந்தார். பேச்சுக்கள் பின்னர் நூலாகவும் வந்தன. ஒருவர் மற்றவரை ஏற்கச் செய்தார் என்று சொல்வதற்கில்லை. ஆனால் கேள்வி மேசைமேல் இருந்தது. நம்முடைய சொல்லில் சொன்னால், பூதவாதிக்கு ஓர் இருக்கை போடப்பட்டிருந்தது.

பூதவாதி என்ற சொல்லை நான் வேடிக்கைக்காக எடுக்கவில்லை. மணிமேகலையின் 27ஆம் காதையான 'சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை'யில் வரும் கடைசிச் சமயவாதி அவன். வஞ்சி நகரில் மாற்றுருவில் நடக்கும் மணிமேகலை அளவைவாதி தொடங்கி ஒவ்வொரு சமயக்கணக்கரிடமும் உன் கொள்கை யாது என்று கேட்கிறாள். பெரும்பாலோரிடம் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறாள். பூதவாதியிடம் மட்டும் நின்று வாதிடுகிறாள். அவன் சொல்வது இதுதான்: தாதகிப் பூவையும் கருப்பங்கட்டியையும் பிறவற்றையும் சேர்த்துப் புளிக்க வைத்தால் அவற்றில் தனித்தனியே இல்லாத களிப்பு பிறப்பது போல, பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது, பூதங்கள் பிரியும்போது பறையின் ஓசை அடங்குவது போல அதுவும் கெடுகிறது. காட்சி ஒன்றே அளவை, அனுமானம் அளவையாகாது. இந்தப் பிறவியும் இதன் இன்பமுமே உண்மை, மறுமை பொய்.

இன்றைய நரம்பியல் ஆய்வாளர்களில் பெரும்பாலோர் இதற்கு மேல் என்ன சொல்கிறார்கள்? தாதகிப் பூவுக்குப் பதில் நியூரான்கள், களிப்புக்குப் பதில் பிரக்ஞை. 'எழுச்சிப் பண்பு' என்று அதற்கு ஒரு பெயர். வாதத்தின் எலும்புக்கூடு அதுவேதான். மணிமேகலையின் ஆசிரியர் தன் எதிர்த்தரப்பை எவ்வளவு நேர்மையாக எடுத்துரைத்திருக்கிறார் பாருங்கள். இன்றைய பொருள்முதல்வாதி ஒருவர் படித்தாலும், ஆம் இது என் கட்சிதான் என்று ஒப்புக்கொள்ளும்படி இருக்கிறது.

மணிமேகலையின் மறுமொழியும் கவனிக்கத்தக்கது. முற்பிறப்பை அறிந்தவர்கள் இருக்கிறார்களே என்கிறாள். அது தெய்வ மயக்காகவோ கனவாகவோ இருக்கலாம் என்கிறான் அவன். அப்படியானால் உன் தாய் தந்தையர் இன்னார் என்பதை அனுமானத்தால் அன்றி வேறு எவ்வகையில் அறிவாய் என்று கேட்கிறாள். இது மறுபிறப்பை நிரூபிப்பதில்லை. அவளும் அப்படிச் சொல்லவில்லை. காட்சி ஒன்றே அளவை என்ற அவனுடைய நிலைப்பாட்டின் காலை மட்டும் அது வாருகிறது. சிக்கல் என்னவென்றால், இன்றைய பூதவாதி அனுமானத்தை மறுப்பவனல்ல. அனுமானத்தாலேயே பிழைப்பு நடத்துபவன். ஆகவே மணிமேகலையின் பதில் இன்று அவனிடம் செல்லாது. புதிய பதில் வேண்டும். அந்தப் புதிய பதிலைத் தேடும் இடமாக இருந்திருக்க வேண்டியது இந்த உரையாடல்.

ஆனால் உரையாடலின் திசை 2000ஆம் ஆண்டு தரம்சாலா சந்திப்போடு மாறியது என்பது என் கணிப்பு. அழிவுண்டாக்கும் உணர்ச்சிகள் பற்றிய அந்தச் சந்திப்பில், பௌத்தப் பயிற்சிகளை அவற்றின் சமயச் சார்பிலிருந்து பிரித்தெடுத்துச் சோதித்துப் பாருங்கள், பயனுள்ளவை என்றால் எல்லோருக்கும் கொடுங்கள் என்று தலாய் லாமா கேட்டுக்கொண்டார். கருணை மிக்க வேண்டுகோள்தான், ஐயமில்லை. விளைவு, வாதி இருந்த இடத்தில் அளவுகோல் வந்து அமர்ந்தது. 2004இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திலிருந்து அந்த்வான் லூட்ஸ், ரிச்சர்ட் டேவிட்சன் குழுவினரின் புகழ்பெற்ற ஆய்வு வந்தது. 10,000 முதல் 50,000 மணிநேரம் வரை தியானம் செய்த எட்டுப் பேரிடம் காமா அலைகள் வியக்கத்தக்க அளவில் உயர்ந்திருந்தன. ஒப்பீட்டுக்கு நிறுத்தப்பட்டவர்கள் ஒரு வாரம் பயிற்சி பெற்ற பத்து மாணவர்கள். துறவிகளின் சராசரி வயது 49, மாணவர்களுக்கு 21. இது மதிக்கத்தக்க முதற்கட்ட ஆய்வு. அதற்கு மேல் அதன் தோளில் ஏற்றப்பட்ட சுமைக்கு ஆய்வாளர்கள் முழுப் பொறுப்பல்ல.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2014இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு 47 சோதனைகளையும் அவற்றில் பங்குகொண்ட 3,515 பேரையும் எடுத்துக்கொண்டது. பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் தியானத்துக்கு மிதமான பயன் உண்டு. ஆனால் மருந்து, உடற்பயிற்சி முதலிய பிற சிகிச்சைகளைவிட மேலானது என்பதற்குச் சான்றில்லை என்று முடித்தது. எட்டு வாரம் தியானித்தால் மூளையின் கட்டமைப்பே மாறிவிடும் என்ற புகழ்பெற்ற கூற்றை, 2022இல் டேவிட்சனின் ஆய்வு மையத்திலிருந்தே வந்த, 218 பேரைக் கொண்ட ஆய்வு உறுதிப்படுத்தவில்லை. அதே ஆண்டில் பிரிட்டனில் 8,000க்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களிடம் நடத்தப்பட்ட சோதனையில், வகுப்பறை மனமுனைப்புப் பயிற்சி வழக்கமான பாடங்களைவிட மேலான பலன் எதையும் தரவில்லை. அறிவியல் தன் வேலையைச் சரியாகவே செய்கிறது, தன்னையே திருத்திக்கொள்கிறது. 'நிரூபித்துவிட்டது' என்று எழுதிய நம்மவர்கள்தான் திருத்தம் வெளியிடவில்லை. அவர்களுடைய தர்க்கத்தின்படி, 2022இல் அறிவியல் புத்தரைப் பொய்ப்பித்துவிட்டது என்று அவர்கள் எழுதியிருக்க வேண்டுமல்லவா?

ஆனால் எண்கள் என் முதன்மை வாதமல்ல. அந்த ஆய்வுகள் எல்லாம் மிக வலுவாக அமைந்திருந்தாலும் என் குறை அப்படியே இருந்திருக்கும். 1990களின் தொடக்கத்தில் டேவிட்சன், வரேலா உள்ளிட்டோர் கருவிகளுடன் தரம்சாலா மலைக்குப் போனபோது நடந்ததை டேவிட்சனே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். குகைத் துறவிகள் பெரும்பாலும் கருவிகளைப் பொருத்திக்கொள்ள மறுத்துவிட்டார்கள். மடத்தில் துறவிகளின் கூட்டத்துக்கு முன் வரேலாவின் தலையில் மின்முனைகளைப் பொருத்திக் காட்டியபோது அவர்கள் சிரித்தார்கள். தலையில் கம்பிகளோடு ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கும் கோலத்துக்காகச் சிரிக்கிறார்கள் என்று விருந்தினர்கள் எண்ணினார்கள். கருணையை அளக்க வந்தவர்கள் நெஞ்சை விட்டுவிட்டுத் தலையில் கருவி வைக்கிறார்களே என்பதற்காகச் சிரித்தார்களாம். இதை நகைச்சுவைத் துணுக்காகச் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது அந்தப் பயணத்தில் எழுந்த ஒரே தத்துவ மறுப்பாகத் தெரிகிறது. உணர்வுக்கு இடம் எது என்று நீங்கள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டல்லவா கருவியைக் கொண்டுவந்தீர்கள் என்பதுதான் அந்தச் சிரிப்பின் பொருள். அதற்கு யாரும் பதில் சொன்னதாகத் தெரியவில்லை. துறவிகளும் பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள். கர்நாடகத்தில் பைலகுப்பே, முண்ட்கோடு ஆகிய ஊர்களில் உள்ள திபெத்திய மடங்களில் இன்று நரம்பியலும் உயிரியலும் பாடத்திட்டத்தின் பகுதி. நல்லதுதான். ஆனால் நரம்பியல் ஆய்வுக்கூடத்தில் சேரும் மாணவருக்குத் தர்மகீர்த்தியின் பிரமாணவார்த்திகம் பாடமாக இல்லை. ஒருபக்கம் மட்டும் பாடம் படிப்பதற்குப் பெயர் உரையாடலா?

தர்மகீர்த்தியை இங்கே சும்மா இழுக்கவில்லை. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த, திபெத்திய மரபு தென்னாட்டவராகச் சொல்லும் இந்தத் தருக்கவாதி, பூதவாதியை எதிர்த்து நீண்ட வாதம் ஒன்றை நடத்தியிருக்கிறார். அதன் மையம் காரணங்களின் பாகுபாடு. மண் குடத்துக்கு முதற்காரணம். குயவனும் சக்கரமும் துணைக்காரணங்கள். உடல் உணர்வுக்குத் துணைக்காரணமாகலாம், முதற்காரணமாகாது; உணர்வின் ஒரு கணத்துக்கு முதற்காரணம் அதற்கு முந்தைய உணர்வுக் கணமே என்பது அவர் கட்சி. அதிலிருந்தே பிறவித் தொடர்ச்சிக்கு வருகிறார். அதாவது மறுபிறப்பு அவருக்கு நம்பிக்கையல்ல, அனுமானத்தின் முடிபு. சரியோ தவறோ, அது ஒரு வாதம். வாதம் என்றால் அதை உடைக்கலாம்.

உடைக்க முயன்றுதான் பாருங்களேன். மயக்க மருந்து செலுத்தினால் உணர்வு அணைகிறது. மூளையின் ஒரு பகுதி சிதைந்தால் முகங்களை அடையாளம் காணும் ஆற்றல் போகிறது. இவற்றைக் காட்டி மூளையே முதற்காரணம் என்பார் இன்றைய பூதவாதி. தர்மகீர்த்தியின் வழிவந்தவர், துணைக்காரணம் கெட்டாலும் விளைவு கெடும்தானே, சக்கரம் உடைந்தால் குடம் கோணும், அதனால் சக்கரம் மண்ணாகிவிடுமா என்று கேட்பார். அப்படியானால் இரண்டில் எது என்று பிரித்துக் காட்டக்கூடிய சான்று எதுவாக இருக்க முடியும்? இந்தக் கேள்வியில்தான் உரையாடல் தொடங்க வேண்டும். பூதவாதியிடமும் ஒன்று கேட்கலாம். புளித்தபின் பானையில் இருப்பது கள். களிப்பு பானையில் இல்லை, குடிப்பவனிடம் இருக்கிறது. குடிப்பவனை முன்னமே ஒளித்துவைத்துக்கொண்டல்லவா நீ களிப்பு பிறக்கிறது என்கிறாய்? விளக்க வேண்டிய உணர்வையே உவமைக்குள் கடத்திவிட்டாயே? எழுச்சிப் பண்பு என்று பெயரிட்டுவிடுவதால் இந்தக் கடத்தல் நீங்கிவிடாது. நம்முடைய பகுத்தறிவு நண்பர்கள் தியானத்தை வெறும் சுயவசியம் என்று கைவீசித் தள்ளும்போது இந்தக் கேள்வியையும் சேர்த்தே தள்ளுகிறார்கள்.

இதையெல்லாம் தவிர்ப்பதற்குத் தலாய் லாமாவின் தரப்பு ஒரு நேர்த்தியான ஏற்பாட்டைச் செய்திருக்கிறது. பௌத்த அறிவியல், பௌத்தத் தத்துவம், பௌத்த சமயம் என்று மூன்றாகப் பிரித்து, அறிவியலோடு பேசுவதற்கு முதல் பகுதியை முன்வைத்து, மறுபிறவி, கர்மம் போன்றவற்றைச் சமயப் பகுதியில் வைத்துப் பூட்டிவிடுவது. தனிப்பட்ட முறையில் அவர் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. 2005இல் வந்த தன் நூலில், அறிவியல் ஒன்றைப் பொய் என்று ஐயமற நிறுவினால் பௌத்தம் அதைக் கைவிட வேண்டும் என்று எழுதிய சமயத் தலைவர் அவர். வேறு எந்த மடாதிபதியிடம் இதை எதிர்பார்க்க முடியும்? ஆனால் அதே நூலில், காணப்படவில்லை என்பதும் இல்லை என்று காணப்பட்டது என்பதும் வேறு என்ற பழைய தருக்க வேறுபாட்டையும் வைத்திருக்கிறார். அதாவது வாசல் திறந்திருக்கிறது, உள்ளே நுழைவதற்குத்தான் ஆளில்லை. தர்மகீர்த்தி தருக்கத்தில் வைத்ததை இந்த முப்பிரிவு சமயப் பெட்டிக்குள் தள்ளுகிறது. எதிராளிக்குச் சங்கடம் வரக்கூடாது என்பதற்காகத் தன் வாதத்தைத் தானே நம்பிக்கையாகத் தாழ்த்திக்கொள்வது பணிவாகத் தோன்றலாம். சபைக்கு அது துரோகம்.

ஒரே ஒருமுறை கேள்வி ஆய்வுக்கூடத்தின் வாசல் வரை வந்தது. இறந்த பிறகும் சில தியானிகளின் உடல் நாள்கணக்கில் கெடாமல் இருக்கிறது, அப்போது மிக நுண்ணிய உணர்வு தியானத்தில் நிலைத்திருக்கிறது என்பது திபெத்திய மரபின் நம்பிக்கை. அந்நிலைக்குத் 'துக்தம்' என்று பெயர். டேவிட்சன் குழுவினர் இந்தியாவில் அத்தகைய 13 பேரின் உடல்களில் மூளை மின்னலைகளைப் பதிவு செய்து 2021இல் முடிவை வெளியிட்டனர். மரணம் உறுதி செய்யப்பட்டபின் கண்டறியத்தக்க மின்னியக்கம் எதுவும் இல்லை. எவ்வளவு பெரிய விஷயம்! முதற்காரணமா, துணைக்காரணமா என்ற வழக்கு ஏறக்குறைய நீதிமன்றப் படியேறிய தருணம். பெரும் விவாதம் எழுந்திருக்க வேண்டும். மின்னலை இல்லை, ஆகவே உணர்வு இல்லை என்ற அனுமானத்தில் ஏது குற்றமற்றதா என்று ஒருவர் கேட்டிருக்க வேண்டும். நுண்ணுணர்வு கருவியில் படாது என்றால், எந்தச் சூழ்நிலையில் உங்கள் கட்சி பொய்யாகும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள் என்று மற்றவர் மடக்கியிருக்க வேண்டும். அதற்கு ஈடான விவாதம் எதுவும் என் கண்ணில் படவில்லை. முதற்கட்ட ஆய்வு, மேலும் ஆராய வேண்டும் என்ற வாக்கியத்தோடு இரு தரப்பும் வணக்கம் சொல்லிக் கலைந்துவிட்டன.

நாகசேனர் இப்படிக் கலைந்துபோயிருக்க மாட்டார். கிரேக்க அரசன் மிலிந்தன் அவரை வாதுக்கு அழைத்தபோது அவர் ஒரு நிபந்தனை வைத்ததை மிலிந்த பஞ்ஹ சொல்கிறது. அறிஞரைப் போல வாதிடுவாயானால் வருகிறேன், அரசரைப் போல வாதிடுவாயானால் வரமாட்டேன் என்றார். அறிஞர்கள் வாதத்தில் சிக்குவார்கள், அவிழ்ப்பார்கள், தோல்வியை ஒப்புக்கொள்வார்கள், சினம் கொள்ளமாட்டார்கள். அரசர்களோ ஒன்றை நிலைநாட்டிவிட்டால் மறுப்பவனைத் தண்டிப்பார்கள். இன்றைய அரசன் யார்? 2005இல் வாஷிங்டனில் நரம்பியல் கழகத்தின் மாநாட்டில் தலாய் லாமா உரையாற்றுவதை எதிர்த்து 500க்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் கையெழுத்திட்டார்கள். அதில் சீன அரசியலின் நிழலும் உண்டு என்பார்கள், இருக்கலாம். ஆனால் வாதிட வராதே என்பது அரசர்களின் மொழி. மறுபக்கம், வாதிடவே வேண்டாம், தலையை மட்டும் கொடு என்பதும் அரசர்களின் மொழிதான்; சற்று இனிமையான தொனி, அவ்வளவே.

இது எங்கோ நடக்கும் மேட்டிமைச் சண்டை, நமக்கென்ன என்று கேட்கலாம். அதன் விலையை நாமும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் கல்லூரி ஆசிரியர்களுக்கான பயிலரங்கு ஒன்றில், நான் முதலில் சொன்ன அந்தப் படத்தைத் திரையில் போட்டுவிட்டு, ஐந்து நிமிடம் மூச்சைக் கவனிக்கச் சொன்னார் பயிற்றுநர். மூச்சைக் கவனிக்கும் 'நான்' என்று ஒன்று இல்லை என்பதுதானே இந்தப் பயிற்சியின் நோக்கம் என்று கேட்டேன். அதெல்லாம் மதம் சார், நாம் சயின்ஸ் மட்டும் பார்ப்போம் என்றார். பணிச்சுமை ஏன் கூடியது என்று கேட்பதற்குப் பதிலாக மூச்சை எண்ணிக்கொண்டிருக்கும் ஆசிரியர்கள் நிர்வாகங்களுக்கு எவ்வளவு வசதி என்பது தனிக்கதை.

மரபிலிருந்து பிடுங்கி எடுத்த பயிற்சிக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. தியானத்தால் கடும் அச்சம், உறக்கமின்மை, தன்னை இழந்ததுபோன்ற திகைப்பு ஆகியவற்றுக்கு ஆளான மேற்கத்தியத் தியானிகளைப் பற்றி ஜாரெட் லிண்டால், வில்லபி பிரிட்டன் குழுவினர் 2017இல் விரிவாக எழுதினார்கள். புதிய கண்டுபிடிப்பைப் போல அது பேசப்பட்டது. ஐந்தாம் நூற்றாண்டின் விசுத்திமக்கத்தில் ஞானப் படிகளில் ஒன்றுக்கே அச்ச ஞானம் என்று பெயர். அதை எழுதிய புத்தகோசர், தான் காஞ்சியில் தங்கியிருந்ததைத் தன் உரைநூல் ஒன்றின் இறுதியில் குறிப்பிடுபவர். நம் ஊரில் இருந்தவர் எழுதிவைத்த எச்சரிக்கையைக் கிழித்துப்போட்டுவிட்டு, மாத்திரையை மட்டும் இறக்குமதி செய்திருக்கிறோம்.

நேர்மையாக ஒரு கட்சியை எடுத்தவர்கள் நம்மிடையே இருந்திருக்கிறார்கள். அயோத்திதாசர் 'தமிழன்' இதழைத் தொடங்கிய அதே 1907இல், சென்னையில் அறிவியல் பேராசிரியராக இருந்த லட்சுமி நரசு பௌத்தத்தின் சாரத்தைப் பற்றிய தன் ஆங்கில நூலை வெளியிட்டார். ஆய்வுக்கூடத்தில் நின்றவர் என்பதால் அவருக்கு உபசாரம் தேவைப்படவில்லை. அறிவோடு பொருந்தாதது பௌத்தமாகாது என்று வெட்டிப் பேசினார். அந்த நூலை 1948இல் மறுபதிப்புச் செய்து முன்னுரை எழுதிய அம்பேத்கர், 1957இல் அவர் மறைவுக்குப் பின் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் மறுபிறப்பு என்பதை உயிர் இன்னொரு உடல் புகுவதாக ஏற்காமல், உடலின் பூதங்கள் பிரிந்து மீண்டும் கூடுவதாக விளக்கினார். பூதவாதியின் பாதி வாதத்தைப் பௌத்தத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிட்ட துணிச்சல் அது! மரபுப் பௌத்தர்கள் அதை ஏற்கவில்லை, தர்மகீர்த்தியும் ஏற்கமாட்டார். நான் அவர்களுடைய முடிவை ஏற்கிறேனா என்பது வேறு. எதை விட்டுக்கொடுக்கிறோம், எதற்காக என்று அவர்கள் பகிரங்கமாகச் சொன்னார்கள். இன்றைய 'நிரூபித்துவிட்டது' ஆசாமிகள் எதையும் விட்டுக்கொடுப்பதில்லை, எதையும் வைத்துக்கொள்வதும் இல்லை.

மூன்றாவது வழி ஒன்று இருக்கலாம் என்பது என் எண்ணம். மணிமேகலையின் 30ஆம் காதை சொல்லும் பன்னிரு நிதானங்களில், பேதைமை, செய்கை ஆகியவற்றை அடுத்து உணர்வு வருகிறது. உணர்வைச் சார்ந்து அருவுரு தோன்றுகிறது. பாலி நிகாயங்களில் சில இடங்களில் இந்த இரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை என்றும், சாய்த்து நிறுத்திய இரண்டு நாணல் கட்டுகளில் ஒன்றை எடுத்தால் மற்றது விழுவதைப் போன்றவை என்றும் வருகிறது. உடலிலிருந்து உணர்வு என்பதுமல்ல, உணர்விலிருந்து உடல் என்பதுமல்ல. வரேலா கடைசி வரை தேடியது ஏறக்குறைய இந்த நாணல் கட்டைத்தான். பயிற்சி பெற்றவரின் அகச்சான்றும் கருவியின் புறச்சான்றும் ஒன்றையொன்று திருத்த வேண்டும் என்று 1996இல் அவர் முன்வைத்த திட்டம் அங்கிருந்து வருகிறது. 2001இல் அவர் இறந்துபோனார். அவரோடு நூலெழுதிய எவான் தாம்சன் 2020இல், தான் ஏன் பௌத்தரல்ல என்பதையே தலைப்பாக வைத்து ஒரு நூல் எழுதினார். பௌத்தம் மற்றச் சமயங்களைப் போலன்றி இயல்பிலேயே அறிவியல் என்ற கற்பனையை அதில் கடுமையாகச் சாடினார். முப்பது ஆண்டு நட்புக்குப்பின் எழுதப்பட்ட அந்தச் சாடல், ஆயிரம் புன்னகைப் படங்களைவிடப் பௌத்தத்துக்குச் செய்த மரியாதை.

நம் பாடத்திட்டங்களுக்கு வருகிறேன். பல ஆண்டுகளாக மணிமேகலையை நடத்துகிறேன். ஆபுத்திரனும் அமுதசுரபியும் ஆதிரையும் பாடமாக வருகிறார்கள். 27, 29, 30ஆம் காதைகள் 'தருக்கப் பகுதி, வறட்சியானது' என்ற குறிப்போடு விடப்படுகின்றன. 1898இல் உ.வே.சா. இந்த நூலைப் பதிப்பித்தபோது அவருக்கும் பௌத்தக் கலைச்சொற்கள் புரியவில்லை. கும்பகோணம் கல்லூரியில் உடன் பணியாற்றிய மளூர் ரங்காசாரியரிடம் ஆங்கில நூல்களைப் படித்துப் பொருள் சொல்லச் செய்து, மாதக்கணக்கில் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். பெரும் சைவ மடத்தில் தமிழ் கற்றவர் பௌத்தத் தருக்கத்துக்காகப் பட்ட பாடு அது. நாம் 'வறட்சி' என்று ஒரு சொல்லில் தாண்டிவிட்டு, மாலையில் மனமுனைப்புப் பயிலரங்குக்குப் போகிறோம்.

29ஆம் காதையில் அறவண அடிகள், துறவு பூண வந்தவளுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது மூச்சுப் பயிற்சியை அல்ல. அளவை இரண்டு, காட்சியும் கருத்தும். பிறகு பக்கம், ஏது, திட்டாந்தம். பிறகு அவற்றின் போலிகள், ஒவ்வொன்றாக, எண்ணி எண்ணி. புத்தர் சொன்னதை அறிவியல் நிரூபித்துவிட்டது என்பவர்கள் அந்தப் போலிகளின் பட்டியலை ஒருமுறை வாசித்துவிட்டு, தங்கள் வாக்கியம் எந்த வரிசையில் வருகிறது என்று சொல்லட்டும். எனக்கு மறுப்பு எழுதுபவர்களும் பக்கத்தையும் ஏதுவையும் திட்டாந்தத்தையும் தனித்தனியே காட்டியே எழுதட்டும். படம் மட்டும் வேண்டாம்.